நாற்காலி எங்கேயும் போகாது

கோதைக்குப் பொறாமை உண்டு. அதை விட்டுவிட்டு அவளைப் பற்றி எழுதினால் எழுதியது வேறு யாரைப் பற்றியோ ஆகிவிடும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல பேர் மேல் இருப்பது அவளுக்கு மொத்தமாக ஒரே ஆள் மேல் இருந்தது. அந்த ஆள் அவளுடைய ஓரகத்தி தாட்சாயணி.

இரண்டு பேரும் ஆந்திர எல்லையோரப் பாலசமுத்திரத்தில் ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தவர்கள். மூத்தவன் மாசிலாமணியைக் கட்டிக்கொண்டவள் தாட்சாயணி. இளையவன் எத்திராஜைக் கட்டிக்கொண்டவள் கோதை. சொத்து பிரிந்தபோது எத்திராஜ், "மாங்கா காய்க்கிற வரைக்கும் மரத்தையே பாத்துக்கினு உக்கார என்னால முடியாது" என்று தோப்பை அண்ணனிடம் விட்டுவிட்டு, தன் பங்குக்கு ஒரு வேனை வாங்கிக்கொண்டு திருப்பதிக்கு வந்துவிட்டான். மலைக்கு வருகிறவர்களைக் காளஹஸ்திக்கும் நாராயணவனத்துக்கும் ஏற்றிப் போய் இறக்குகிற தொழில். வேனுக்கு வயசாகிக்கொண்டே வந்தது. தோப்பு வருஷா வருஷம் காய்த்தது. மாசிலாமணி வீட்டுக்கு மாடி எழும்பியது, வாசலில் கார் வந்து நின்றது, தாட்சாயணியின் கழுத்தில் சங்கிலி தடித்தது. இதில் யார் மேலும் தப்பில்லை. தப்பில்லாத இடத்தில்தான் வயிறு அதிகமாக எரியும். திட்டுவதற்கு ஆள் கிடைக்காது பாருங்கள்.

மாடியையும் காரையும்கூடக் கோதை ஒருவழியாகச் செரித்துக்கொண்டாள். அவளால் செரிக்க முடியாதது, தாட்சாயணிக்குப் பிறந்த ஹர்ஷினி.

அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் கோதையின் வேலையைச் சொல்ல வேண்டும். திருப்பதிக் கோளரங்கத்தில் அவள் டார்ச் காட்டுகிறவள். கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு பெரிய வெள்ளைக் கூரை, அதன் கீழே வட்டமாகச் சாய்வு நாற்காலிகள். விளக்கு அணைந்ததும் கூரை முழுக்க வானமாகிவிடும். குடும்பம் குடும்பமாக வருகிறவர்களை இருட்டில் தடுக்கி விழாமல் உட்கார வைத்து, அழுகிற குழந்தையை வெளியே கொண்டு போய், காட்சி முடிந்ததும் மறந்து போன பைகளைப் பொறுக்கி வைப்பது அவள் பாடு.

உள்ளே செருப்போடு போகலாம். கழற்றச் சொல்லி எந்தப் பலகையும் இல்லை. ஆனால் மலையிலிருந்து மொட்டைத் தலையும் சந்தனமுமாக நேரே இறங்கி வருகிற சனத்துக்கு ஒரு வரிசை, ஒரு கதவு, உள்ளே இருட்டு என்று பார்த்தாலே கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிடும். முன்னால் போகிற குடும்பம் கழற்றினால் போதும், பின்னால் வருகிற அத்தனை பேரும் கழற்றிவிடுவார்கள். அதனால் தினமும் வாசலில் செருப்பு மலையாகக் குவிந்து கிடக்கும். அதோடு போகாது. கூரையில் ராக்கெட் நெருப்பைக் கக்கிக்கொண்டு கிளம்பும்போது எங்கிருந்தோ ஒரு குரல் "கோவிந்தா!" என்று எழும், மொத்த அரங்கமும் "கோவிந்தா! கோவிந்தா!" என்று பின்னால் சேர்ந்துகொள்ளும். புதிதாக வருகிற அதிகாரிகள் முதல் வாரம் திகைப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள். கோதைக்கு அந்தச் சத்தம் மிகவும் பிடிக்கும். அது எழாத காட்சி அவளைப் பொறுத்தவரை ஓடாத காட்சிதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், வானம் சுற்ற ஆரம்பித்ததும் திருத்தணிப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, "ஐயோ, நாக்காலி பறக்குது, என்ன இறக்கி வுடுங்கோ" என்று கத்திவிட்டாள். கோதை ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு பேசி அடக்கினாள். அன்று பேசியதைத்தான் பிறகு தமிழ்க் காட்சிக்கு முன்னால் மைக்கிலேயே சொல்லச் சொன்னார்கள். வருஷங்கள் ஓடியும் அந்தப் பேச்சு மாறவில்லை. "உங்க நாற்காலி எங்கேயும் போகாது. வானம்தான் சுத்தும். தலை சுத்தினா ரெண்டு கண்ணையும் மூடிக்கோங்க. பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிச்சிக்கோங்க. கண்ணைத் திறக்கும்போது எல்லாரும் அங்கேயேதான் இருப்போம்." கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது அவளாகச் சேர்த்தது.

கோடை விடுமுறையில் பாலசமுத்திரத்துச் சொந்தம் முழுக்க மலைக்கு வரும். இறங்கியதும் நேரே கோதையிடம் வரும். அன்று மட்டும் அவளுக்கு நடையே வேறு. டார்ச்சைச் சுழற்றிக்கொண்டு முன்னால் போவாள். "எங்க கோத பேசறா பாரு, ரேடியோல பேசற மாதிரி" என்று மாசிலாமணி பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வான். தாட்சாயணி மட்டும் உள்ளே வர மாட்டாள்.

"நீங்க எல்லாம் போங்க. நா செருப்பப் பாத்துக்கினு இருக்கேன்."

வருஷா வருஷம் இதே வார்த்தை. அத்தனை செருப்புக்கும் நடுவில் பட்டுப் புடவையோடு ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். கோதைக்கு அது சுருக்கென்று தைக்கும். மாடி வீட்டுக்காரி டார்ச் காட்டுகிறவளின் பின்னால் நடந்து வந்தால் கிரீடம் சாய்ந்துவிடும் போலிருக்கிறது, தலைக்கனம் பிடித்தவள் என்று எத்திராஜிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவாள். எத்திராஜ் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்க மாட்டான்.

ஆனால் அம்மா வெளியே உட்கார்ந்தால் என்ன, மகள் உள்ளே வருவாள். வந்தால் போக மாட்டாள். ஒரே காட்சியை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். லீவு முடிகிற வரைக்கும் கோதை வீட்டிலேயே தங்கிக்கொண்டு, காலையில் கோதையோடு கிளம்பி, சாயங்காலம் கோதையோடு திரும்புவாள். நிலாவில் கால் வைத்தவர்கள் திரும்பி வந்தது எப்படி, மேலே மாசக்கணக்கில் தங்குகிறவர்கள் தூங்குவது எப்படி, அழுதால் கண்ணீர் எங்கே போகும் என்று வழி நெடுக நச்சரிப்பாள். கோதைக்குத் தெரிந்தது பாதி. தெரியாததைப் படத்தில் வருகிறதா என்று அடுத்த காட்சியில் இரண்டு பேருமாகத் தேடுவார்கள்.

கோதை வயிற்றில் பிறந்தவன் தருண். பாலிடெக்னிக்கில் படிக்கிறான். கோளரங்கத்தில் விளக்கு அணைந்தால் அவனும் அணைந்துவிடுவான். ஒரு தடவை அவன் விட்ட குறட்டையில் பின் வரிசைக்காரர்கள் எழுந்து வந்து புகார் சொன்னார்கள். தன் வானத்தின் கீழே தன் பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு தூங்க, தாட்சாயணி பெற்றது வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறதே என்று கோதைக்கு ஆறவே ஆறாது. கொடுத்து வைத்தவள், எதில்தான் அவளுக்குக் குறை வைத்தான் கடவுள் என்று புகைவாள். புகைந்துவிட்டு ஒரே ஒரு ஆறுதல் சொல்லிக்கொள்வாள்: எல்லாம் அவளிடம் இருக்கட்டும், அந்தப் பெண்ணுக்கு வானம் காட்டுகிறவள் நான். அது ஒன்று போய்விட்டால் சொந்தத்துக்குள் கோதைக்கு வேறு எந்த இடமும் இல்லை. அவளே அப்படித்தான் நம்பினாள்.

இந்தக் கோடையில் புதுப் படம் வந்தது. மனிதன் பூமியை விட்டு மேலே போக ஆரம்பித்ததிலிருந்து, நம் ஊர் ஆள் போய்த் திரும்பியது வரைக்கும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி எடுத்தது. ஓட்டிப் பார்த்த அன்று கோதையும் மூலையில் நின்று பார்த்தாள். விண்வெளி நிலையத்தில் ஒரு பெண் தலைக்குக் குளிக்கிற காட்சி வந்தது. கூந்தல் நாலா பக்கமும் புகை மாதிரி எழும்பி நிற்க, ஒரு தண்ணீர்ப் பையைப் பீச்சி, தப்பி ஓடுகிற துளிகளைக் கையால் பிடித்து முடிக்குள்ளேயே தேய்த்துக்கொண்டாள். மூன்றாவது படிக்கும்போது ஹர்ஷினி கேட்ட கேள்வி அது: "சின்னம்மா, அவங்க தலைக்கி எப்டிக் குளிப்பாங்க?" இத்தனை நாள் பதில் இல்லாமல் கிடந்தது.

உடனே போன் போட்டாள். "புதுப் படத்துல ஒனக்கு ஒண்ணு வச்சிக்கீறன். இன்னான்னு சொல்ல மாட்டேன். மொத நாள் மொத ஆட்டம், நடு வரிச ஓரத்து சீட்டு ஒனக்குத்தான்."

"சொல்லு சின்னம்மா."

"வந்து பாரு."

முதல் காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் மாசிலாமணி பேசினான். குரலில் வெட்கமும் பெருமையுமாக, "ம்மா கோத, பாப்பா பெரிய மனுசி ஆயிட்டா" என்றான். தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் வீட்டை விட்டு வெளியே அனுப்ப மாட்டார்கள், அதற்குப் பிறகு புத்தூரில் மண்டபம் பிடித்து விழா.

"ரொம்ப சந்தோசம் மாமா" என்று சொல்லிப் போனை வைத்த கோதை, அரிசி களைந்துகொண்டிருந்த பாத்திரத்தை நங்கென்று மேடையில் வைத்தாள்.

"படம் போடற வாரமாப் பாத்து ஆவணுமா? வேணும்னே பண்றா."

"யாரு?" என்றான் எத்திராஜ்.

"உங்க அண்ணிதான், வேற யாரு."

"அண்ணியா? அண்ணி இதுல இன்னா பண்ணுவாங்க?" எத்திராஜுக்கு நிஜமாகவே புரியவில்லை. கோதைக்கும் அதற்கு மேல் விளக்க வரவில்லை. முதல் காட்சி அன்று நடு வரிசை ஓரத்து நாற்காலியில் ஒரு கர்நூல்காரர் உட்கார்ந்து படம் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை இரண்டு தடவை டார்ச் அடித்து அதட்டினாள்.

பத்திரிகை வைக்க மாசிலாமணியும் தாட்சாயணியும் திருப்பதிக்கு வந்தார்கள். தட்டில் பழமும் வெற்றிலையும் புடவையுமாக முறைப்படி எல்லாம் நடந்தது. காப்பி குடித்து முடித்த பிறகு தாட்சாயணி வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பொண்ணு சோறு துன்ன மாட்டேன்றா கோத. புதுப் படம், புதுப் படம்னு ஒரே அழுவ. அதான் சித்தூர்லேந்து ஒருத்தருக்குச் சொல்லிக்கீறோம். ரப்பர் கூடாரமாம். காத்தடிச்சா உப்பிக்குமாம். உள்ள பூந்தா வானம் தெரியுதாம். ராக்கெட்டு, நெலா, மனுசங்க மேல போறது எல்லாம் காட்டுவாங்களாம். மண்டபத்துலயே வச்சிட்டா வர்றவங்க எல்லாரும் பாத்துக்கலாம்."

கோதைக்கு அடி வயிற்றில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. தோப்பு, மாடி, கார், மகள் எல்லாம் போதாமல் கடைசியில் வானத்தையும் வாடகைக்கு எடுத்துவிட்டாள்.

"நல்லதுக்கா" என்றாள். பல் கடித்ததில் தாடை வலித்தது.

அவர்கள் போன பிறகு எத்திராஜ், "இன்னா, காதுல பொக வருது?" என்று கேட்டான். அன்றைக்கு அவனுக்குக் குழம்பில் உப்பே இல்லை.

விழா அன்று புத்தூர் மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் ஹர்ஷினியின் படம் போட்ட பேனர், மேடையில் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி. பந்திக் கூடத்துக்குப் பக்கத்து ஹாலில் சித்தூர்க்காரர் கிரண்குமார் தன் கூடாரத்தை விரித்து, காற்றடிக்கிற மெஷினைப் போட்டார். தரையில் துணியாகக் கிடந்தது மெல்ல மெல்ல எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பி எழுந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தின. உள்ளே போக ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு குழாய் வாசல்.

"ரண்டி, ரண்டி. செப்புலு பயட்டே" என்று கிரண்குமார் கூவி அழைத்தார். ரப்பர் கிழிந்துவிடும் என்பதால் இங்கே நிஜமாகவே செருப்பைக் கழற்ற வேண்டும். பட்டுப் புடவைக்காரிகள் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மண்டி போட்டு ஒருத்தி பின்னால் ஒருத்தியாக உள்ளே ஊர்ந்தார்கள். சிரிப்புச் சத்தம் மண்டபத்தைத் தூக்கியது.

கோதை போகவில்லை. "நா தெனமும் பாக்கறதுதானே" என்று தள்ளி நின்று குற்றம் பார்த்தாள். நாற்காலி கிடையாது, பாயில் படுக்க வேண்டும். மெஷின் சத்தம் காதைப் பிளக்கிறது. வெயிலில் கிடந்த தார்ப்பாய் வாசனை. பேச ஆள் கிடையாது, தெலுங்கில் பதிவு செய்த குரல்தான். இதெல்லாம் ஒரு வானமா என்று அவள் மனசுக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தபோது தூரத்துச் சொந்தக்காரி ரத்னம்மா குழாய்க்குள்ளிருந்து வெளியே வந்து, தலைமுடியைச் சரி செய்துகொண்டே நேரே அவளிடம் வந்தாள்.

"அடி கோத! உங்க திருப்பதில பாக்கறத வுட இது நல்லா கீதுடி. காலை நீட்டிப் படுத்துக்கினே பாக்கலாம்!"

கோதை சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சிரிக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் மேடையைக் கவனித்தாள். ஹர்ஷினி சிம்மாசனத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். முதுகு முழுக்கப் பூ வைத்துத் தைத்த ஜடை, கழுத்து கொள்ளாத நகை, இடுப்பில் ஒட்டியாணம். ஒரு குடும்பம் போனால் அடுத்த குடும்பம் வந்து பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. யாருக்காக வானம் வந்ததோ அவளைத் தவிர மற்ற எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பெண்ணின் கண் மட்டும் கூட்டத்தைத் தாண்டி உப்பிய கூடாரத்தின் மேலேயே இருந்தது.

அன்றைக்கு முதல் தடவையாகக் கோதைக்கு மனசு குளிர்ந்தது. வானத்தைக் கொண்டு வரத் தெரிந்தவளுக்குப் பெண்ணை நாற்காலியிலிருந்து இறக்கத் தெரியவில்லையே! குங்குமத் தட்டைச் சாக்காக எடுத்துக்கொண்டு மேடை ஏறினாள். நெற்றியில் வைக்கக் குனிந்தபோது ஹர்ஷினி அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னம்மா, எனக்கு வச்சிக்கீறன்னு சொன்னியே, அது இன்னா? தலைக்கிக் குளிக்கிறதா?"

கண்டுபிடித்துவிட்டாளே என்று கோதைக்குச் சிரிப்பு வந்தது. "ஆமா."

"அது இதுல வருதா?"

கோதை அந்தக் கூடாரத்துக்குள் எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை. "இதுல வராது. அதெல்லாம் எங்கதுலதான் வரும்" என்றாள், கொஞ்சமும் தயங்காமல்.

பெண்ணின் முகம் வாடியது. தலைப்பை விட்டுவிட்டாள். கோதை மேடையை விட்டு இறங்கினாள். குளிர்ந்த மனசு கீழே வருவதற்குள் பழையபடி ஆகிவிட்டது. நேரே கிரண்குமாரிடம் போய்க் கேட்டாள், தலைக்குக் குளிக்கிற காட்சி உண்டா என்று.

"உந்தி அம்மா" என்றார் அவர், உண்டு என்று தலையாட்டி. "பில்லலு அந்தரூ அதே அடுகுதாரு." பிள்ளைகள் எல்லாம் அதைத்தான் கேட்கிறார்களாம். சித்தூரில் சாயங்காலம் வேறு விழா இருக்கிறது, இன்னும் ஒரே ஒரு காட்சி ஓட்டிவிட்டுக் கட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

அதே நேரம் கூட்டம் பந்திக்கு எழுந்தது, போட்டோக்காரரும் சாப்பிடப் போனார். தாட்சாயணி மகளை இழுத்துக்கொண்டு கூடாரத்துக்கு ஓடி வந்தாள். ஒரு கையில் பெண்ணின் கை, இன்னொரு கையில் பூ ஜடை. பெண்ணின் நகையை எல்லாம் கழற்றித் தன் முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். ஓடி வந்த வேகத்தில் அவள் பொட்டு கலைந்திருந்தது. பெண் குனிந்து குழாய் வாசலுக்குள் தலையை விட்டாள்.

"கோத, நீயும் கூட உள்ள பூந்துடு. ஜடையத் தூக்கிப் புடிச்சிக்கோ, நசுங்கிடப் போவுது."

"ஏன், நீயே போயேன்க்கா. நீ வரவழிச்ச வானம்தானே."

"நா செருப்பப் பாத்துக்கறேன்." அதற்குள் பெண் உள்ளே ஊர்ந்து போயிருந்தாள்.

இத்தனை வருஷம் அடக்கி வைத்தது கோதைக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. "ஒறமொறைங்க செருப்ப எவங்க்கா தூக்கிக்கினு போவான்? எங்கிடத்துக்கு வந்தாலும் வாசல்லயே குந்திக்கிற. ஒரு வாட்டி உள்ள வந்தியா நீ? நா டார்ச்சு புடிக்கிறவ, எம் பின்னால வர்றது ஒனக்குக் கேவலமாப் பூடுச்சு, இல்ல?"

தாட்சாயணி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். கத்தவில்லை.

"மொத வருசம் வந்தேனே. ஒனக்கு நெனப்பு இல்ல. பின்னால கடைசில உக்காந்தேன், இவ எம் மடில. வெளக்கு அணைஞ்சதும் எனக்கு பயமாப் பூடுச்சு, இவளக் கட்டிக்கினேன். நீ மைக்குல பேசின. இவ என் கையப் பிச்சிக்கினு எழுந்து ஒங்கிட்ட ஓடிட்டா. நா இருட்டுல கூப்ட்டேன், கூப்ட்டுக்கினே இருந்தேன். திரும்பிப் பாக்கல. வெளிய வந்த அப்புறமும் ஒன் கையத்தான் புடிச்சிக்கினு நின்னா." தாட்சாயணி மூக்கை உறிஞ்சினாள். "அத்த நா வருசா வருசம் உள்ள வந்து உக்காந்து பாக்கணுமா? செருப்பாவது எங்கியும் ஓடாது. இந்த ஒரு வாட்டி எம் பொண்ணு கேட்டு, நா குடுத்ததா இருக்கட்டும்னுதான் இவர வரவழிச்சேன். காலைலேந்து அவ ஒன்னத்தான் தேடிக்கினு கீறா."

கோதைக்கு முதலில் வந்தது இரக்கமில்லை. சந்தோஷம். உள்ளதைச் சொல்ல வேண்டுமே. தோப்பும் மாடியும் உள்ளவள் தன்னைப் பார்த்து இத்தனை வருஷம் புழுங்கியிருக்கிறாள் என்றால், அதைவிட ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்? நெஞ்சு நிறைந்து போயிற்று. அவளையே திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம் போலிருந்தது.

குழாய்க்குள்ளிருந்து ஹர்ஷினியின் குரல் வந்தது. "சின்னம்மா! வா சின்னம்மா, ஆரம்பிக்கப் போறாங்க!"

கூப்பிட்டது கோதையைத்தான். அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள் என்று தெரிந்தும் அவளைத்தான் கூப்பிட்டது. ஜெயித்தாகிவிட்டது. கோதை முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தாள். குனிந்தவள் ஓரக்கண்ணால் தாட்சாயணியைப் பார்த்தாள். பூ ஜடையை விட்டுவிட்ட கை அப்படியே அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. முகத்தில், சிரிக்கவும் முடியாமல் திருப்பிக்கொள்ளவும் முடியாமல் ஒரு இழுப்பு. அந்த முகத்தைக் கோதைக்குத் தெரியும். கொஞ்ச நேரம் முன்னால் ரத்னம்மாவுக்குக் கோதை காட்டிய அதே முகம்.

கோதை நிமிர்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு முட்டி வலிக்குதுக்கா. மண்டி போட்டா எழுந்திரிக்க முடியாது. நீ போ."

சாப்பிட்டு வந்த கையைத் துடைத்துக்கொண்டு அங்கே வந்து நின்ற எத்திராஜ், "உனக்கு எப்போ முட்டி வலி?" என்றான். கோதை பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

"இருட்டா இருக்குமே" என்றாள் தாட்சாயணி.

"இருட்டாத்தான் இருக்கும். அவ கிட்டக்க உக்காந்துக்கோ." கோதை குழாய் வாசலில் தலையை விட்டுக் கத்தினாள். "பாப்பா, உங்கம்மா வர்றா. அந்தத் தலைக்கிக் குளிக்கிறது இதுலயும் வருது. நா பொய் சொன்னேன். நல்லாப் பாரு."

தாட்சாயணி மண்டி போட்டாள். பட்டுப் புடவை சரசரத்தது. தடித்த சங்கிலி தரையில் இழுபட, ஊர்ந்து உள்ளே போனாள். கிரண்குமார் வாசல் துணியை இழுத்து மூடினார்.

கோதை செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கூடாரம் ஒரு ரப்பர் துணிதான். உள்ளே பேசுகிறது வெளியே கேட்டது. தெலுங்குக் குரல் ஆரம்பிப்பதற்கு முன்னால் யாரோ பயந்து "அம்மாடி" என்றார்கள். அது தாட்சாயணி. உடனே ஹர்ஷினி பேசினாள். அது அவள் வீட்டில் பேசுகிற பேச்சு இல்லை. மைக்கில் பேசுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி, ஒரு வார்த்தை பிசகாமல் பேசினாள்.

"பயப்படாதம்மா. நாற்காலி எங்கேயும் போகாது. வானம்தான் சுத்தும். தலை சுத்தினா ரெண்டு கண்ணையும் மூடிக்கோ. என் கையைப் பிடிச்சிக்கோ. கண்ணைத் திறக்கும்போது எல்லாரும் அங்கேயேதான் இருப்போம்."

உள்ளே நாற்காலியே கிடையாது. ஆனாலும் பெண் அதை விடாமல் சொன்னாள்.

அந்தப் பேச்சைக் கோதை எத்தனையோ ஊர்க்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு யாரும் சொன்னதில்லை. இருட்டில் கையைப் பிடித்துக்கொள் என்று ஒரு பெண் பிள்ளை தன் அம்மாவுக்குச் சொல்கிறது. அந்த அம்மா தாட்சாயணியாக இருக்கிறாள். உள்ளே போயிருக்கலாம், முட்டியாவது மண்ணாவது என்று ஒரு நிமிஷம் எழுந்தேவிட்டாள். மறுபடி உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. கொஞ்ச நேரத்தில் துணி அதிர்கிற மாதிரி ராக்கெட் உறுமியது. காலையிலிருந்து ஓடிய எந்தக் காட்சியிலும் எழாத சத்தம் அப்போது எழுந்தது. பின்னால் சேர்ந்துகொள்ளக் கூட்டமில்லாமல், தனியாக, அடி வயிற்றிலிருந்து ஒரே ஒரு குரல்.

"கோவிந்தா!"

ஹர்ஷினி சிரிக்கிற சத்தம் கேட்டது. அம்மாவும் மகளும் சேர்ந்து இன்னொரு தடவை கத்தினார்கள். எத்திராஜ் கோதையைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. குவியலைக் கலைத்துத் தாட்சாயணியின் செருப்பைத் தேடி எடுத்து, வெளியே வந்ததும் கால் நுழைக்க வாகாகக் குழாய் வாசலுக்கு நேரே ஜோடியாக வைத்தாள். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.